இங்கிலாந்தில் ஹவுசிங் அசோசியேஷன் வீடு: பெயர் பதிவதிலிருந்து சாவி வாங்குவது வரை

ஒரு படுக்கையறை பிளாட்டில் நாங்கள் நான்கு பேர். இரவில் சோபாவை விரித்துப் போட்டால் சமையலறைக் கதவு திறக்காது. அதனால் தண்ணீரைப் படுக்கும் முன்பே சொம்பில் எடுத்து வைத்துக்கொள்வோம். அப்படி இருந்த வருடங்களில் இரண்டு வருடம் முழுக்க முழுக்க என் அறியாமையால் போனது. தவறான கதவைத் தட்டினேன், தவறான காகிதம் கொடுத்தேன், சொல்ல வேண்டியதை நேரத்துக்குச் சொல்லவில்லை. இப்போது வீடு கிடைத்துவிட்டது. புதிதாக முயற்சி செய்பவர்களுக்கு அந்த இரண்டு வருடம் மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு. இங்கிலாந்துக்குள்ளும் ஒவ்வொரு கவுன்சிலுக்கும் (உள்ளூராட்சி மன்றம்) தனிக் கொள்கை உண்டு. உங்கள் கவுன்சிலின் தளத்தில் ‘அலோகேஷன் பாலிசி’ (யாருக்கு வீடு கொடுப்பது என்ற விதிகள்) என்று ஒரு நீளமான ஆவணம் இருக்கும். படிக்க அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் தலைவிதி அதில்தான் எழுதியிருக்கிறது.

1. முதலில், சரியான கதவைத் தட்டுங்கள்

ஹவுசிங் அசோசியேஷன் என்பது லாப நோக்கமில்லாத அமைப்பு. வீடு கட்டி, சந்தை விலையைவிடக் குறைந்த வாடகைக்கு விடுகிறது. மிஞ்சும் பணம் பராமரிப்புக்கும் புது வீடுகளுக்கும் திரும்பப் போகிறது. வீடு அவர்களுடையது, வாடகை வாங்குவது அவர்கள், குழாய் உடைந்தால் வர வேண்டியதும் அவர்கள். ஆகவே வீடு கேட்டும் அவர்களிடம்தான் போக வேண்டும் என்று நினைத்தேன். ஒரு அசோசியேஷன் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பெயர் கொடுத்தேன், இரண்டு கடிதம் போட்டேன், ஐந்து மாதம் காத்திருந்தேன். கடைசியில் இரண்டு வரியில் பதில் வந்தது: உங்கள் கவுன்சிலில் பதிவு செய்யுங்கள்.

விஷயம் இதுதான். அசோசியேஷன் வீடு காலியானால், பெரும்பாலும் அதற்கான ஆளைக் கவுன்சில்தான் தன் பட்டியலிலிருந்து அனுப்பும். அந்தப் பட்டியலுக்குப் பெயர் ஹவுசிங் ரிஜிஸ்டர். உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் அந்த வீடுகளுக்கு நீங்கள் கணக்கிலேயே இல்லை. சில அசோசியேஷன்கள் கொஞ்சம் வீடுகளை நேரடியாகவும் கொடுக்கின்றன, குறிப்பாக வயதானவர்களுக்கான ஷெல்டர்டு ஹவுசிங். அப்பா அம்மாவுக்குத் தேடுபவர்கள் இரண்டு வழியையும் பாருங்கள்.

வாடகையில் ஒரு சொல் விளையாட்டு உண்டு. ‘சோஷியல் ரென்ட்’ என்றால் அரசின் கணக்குப்படி நிர்ணயித்த வாடகை, இதுதான் உண்மையில் குறைவு. ‘அஃபோர்டபிள் ரென்ட்’ என்றால் சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை போகலாம். லண்டனில் 80 சதவீதம் யாருக்குக் கட்டுப்படியாகும் என்று பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும். விளம்பரத்தில் எது என்று போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே அசோசியேஷன்கள் ‘ஷேர்டு ஓனர்ஷிப்’பும் விற்கின்றன. அது வீட்டில் ஒரு பங்கை வாங்குவது, மீதிக்கு வாடகை. அது வேறு பாதை, இங்கே அதைத் தொடவில்லை.

2. தகுதி பார்க்காமல் படிவத்தைத் தொடாதீர்கள்

உங்கள் விசாவில் ‘பொது நிதியைப் பெற முடியாது’ என்ற நிபந்தனை இருந்தால் ரிஜிஸ்டரில் பெயர் போட முடியாது. ஸ்டூடன்ட் விசா, ஸ்கில்டு வொர்க்கர் விசா இரண்டிலும் பொதுவாக இந்த நிபந்தனை இருக்கும். இங்கே கவுன்சில் மூலம் வீடு பெறுவது பொது நிதி என்று கருதப்படுகிறது. ‘சும்மா போட்டுப் பார்ப்போமே’ என்று போட்டால் அடுத்த விசா விண்ணப்பத்தில் அது உங்கள் மேலேயே விழலாம்.

அகதி அந்தஸ்து, மனிதாபிமானப் பாதுகாப்பு இருப்பவர்கள் பொதுவாகத் தகுதியானவர்கள். ஐ.எல்.ஆர் (காலவரையற்ற தங்கும் அனுமதி), பிரிட்டிஷ் குடியுரிமை இருப்பவர்களும், வழக்கமாக இங்கேயே வசிப்பவர்களாக இருந்தால், அப்படித்தான். ஒரு விதிவிலக்கு நம்மவர்களைத்தான் அதிகம் பாதிக்கிறது. ‘செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்து அப்பா அம்மாவை ஐ.எல்.ஆரில் அழைத்து வந்திருந்தால், அவர்களுக்கு முதல் 5 வருடம் தகுதி இல்லை.

கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் தகுதி இருந்தால், விண்ணப்பம் அவர் பெயரில் போகும். அதற்கு முன் ஒரு குடிவரவு ஆலோசகரிடம் பேசிவிடுங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாகக் கேட்டு வழி தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது உள்ளூர்த் தொடர்பு. பல கவுன்சில்கள் குறைந்தது 2 வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும் என்கின்றன, லண்டனில் 5 வருடம் கேட்பவையும் உண்டு. வாடகை குறைவு என்று அடுத்த பரோவுக்கு (லண்டனின் கவுன்சில் பகுதி) தாவும் முன் இதை யோசியுங்கள். தெரு தாண்டினால் வருடக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வருமானம், சேமிப்பு இரண்டுக்கும் உச்சவரம்பு வைத்திருக்கும் கவுன்சில்களும் உண்டு. ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் வீடு, நிலம் எல்லாம் சொத்துக் கணக்கில்தான் வரும். கேட்டால் மறைக்காதீர்கள்.

3. காகிதங்கள்: நம் பெயர்தான் முதல் சிக்கல்

எங்களிடம் கேட்டவை இவை: நான்கு பேரின் பாஸ்போர்ட், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், குடியிருப்பு ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் பில், மூன்று மாத வங்கி அறிக்கை (எல்லாக் கணக்குக்கும், 12 பவுண்டு கிடக்கும் பழைய கணக்குக்கும்கூட), மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கடந்த 5 வருட முகவரிகளுக்கு ஆதாரம்.

குடியேற்ற நிலைக்கு இப்போது பிளாஸ்டிக் கார்டு கிடையாது. எல்லாம் ஈ-விசா, அதாவது இணையத்தில் இருக்கும் பதிவு. அரசுத் தளத்தில் உள்நுழைந்து, அதை அதிகாரி பார்க்க உதவும் ஒரு ஷேர் கோட் எடுத்து அனுப்ப வேண்டும். அது 90 நாளுக்குத்தான் செல்லும். படிவம் அனுப்பும் அன்று எடுங்கள். மூன்று மாதம் முன்பே எடுத்து வைத்த கோட், அதிகாரி உங்கள் கோப்பைத் திறக்கும் நாளில் செத்துப் போயிருக்கும்.

இனி பெயர். இங்கே குடும்பம் என்றால் எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்று எதிர்பார்க்கிறார்கள். எங்கள் வீட்டிலோ என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர், மனைவியின் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர், பிள்ளைகளுக்கு என் பெயர். என் சம்பளச் சீட்டில் இரண்டும் இடம் மாறியிருக்கும், வங்கி அட்டையில் வெறும் இனிஷியல். அதிகாரியின் கண்ணுக்கு நாங்கள் ஒரே பிளாட்டில் தங்கியிருக்கும் மூன்று குடும்பம். ‘விண்ணப்பதாரருக்கும் குழந்தைகளுக்கும் உள்ள உறவை நிரூபிக்கவும்’ என்று கடிதம் வந்தபோது மனைவி சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செய்ய வேண்டியது எளிது. ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: தமிழர்களிடம் தந்தை பெயரே பின்பெயராக வரும் வழக்கம், இந்த ஆவணத்தில் இப்படி, அந்த ஆவணத்தில் அப்படி, எல்லாம் ஒரே ஆள். ஆவண எண்களோடு ஒரு சிறு அட்டவணை போடுங்கள். பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து முதல் நாளே அனுப்புங்கள். ஊரில் தமிழிலோ சிங்களத்திலோ வாங்கிய சான்றிதழ் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தும் வேண்டும். நண்பர் எழுதித் தந்ததை ஏற்க மாட்டார்கள்.

4. படிவம்: உங்கள் வரிசை எந்தத் தேதியில் தொடங்குகிறது

விண்ணப்பம் இலவசம். இதை இரண்டு முறை படியுங்கள். ‘கவுன்சிலில் எனக்கு ஆள் தெரியும், ஐந்நூறு பவுண்டு கொடுத்தால் முன்னால் தள்ளிவிடுவார்’ என்று கோயிலிலோ கடையிலோ ஒருவர் காதைக் கடிப்பார். பணம் போகும், அவ்வளவுதான்.

ஒரே அளவு முன்னுரிமை உள்ளவர்களுக்குள் உங்கள் இடத்தைப் பெரும்பாலும் பதிவுத் தேதிதான் முடிவு செய்கிறது. பல இடங்களில் அது படிவத்தை நிரப்பத் தொடங்கிய நாள் இல்லை, கடைசிக் காகிதமும் போய்ச் சேர்ந்த நாள். எங்கள் கவுன்சில் ஆவணங்களுக்கு 28 நாள் தந்தது. 20ஆம் நாள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஏற்றினேன். மகனின் பிறப்புச் சான்றிதழ்ப் படத்தில் என் கட்டைவிரல் ஒரு மூலையை மறைத்திருந்தது. அந்த மூலையில்தான் பதிவு எண். ‘முழுமையற்றது’ என்று வந்த மின்னஞ்சல் ஸ்பேமில் கிடந்தது. விண்ணப்பம் ரத்து, மறுபடி முதலிலிருந்து. ஒரு கட்டைவிரலுக்கு நான் கொடுத்த விலை இரண்டரை மாதம்.

ஆகவே மேசையில் வைத்து, நான்கு மூலையும் தெரியும்படி ஸ்கேன் செய்யுங்கள். ஸ்பேம் பெட்டியைத் தினமும் பாருங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், பல கவுன்சில்கள் பணம் வாங்காமல் ஏற்பாடு செய்யும். குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

பொய் மட்டும் வேண்டாம். ஊரில் இருக்கும் மாமியாரை இங்கே இருப்பதாகச் சேர்த்து ஒரு அறை கூட்டச் சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள். பொய்த் தகவல் கொடுப்பது 1996 ஹவுசிங் சட்டப்படி குற்றம்.

5. பேண்டும் படுக்கையறைக் கணக்கும்

பதிவு முடிந்ததும் உங்களை ஒரு பேண்டில், அதாவது முன்னுரிமைப் பிரிவில், போடுவார்கள், சில இடங்களில் புள்ளிகள். வீடற்றவர்கள், நெரிசலில் அல்லது வாழத் தகுதியற்ற வீட்டில் இருப்பவர்கள், மருத்துவக் காரணம் உள்ளவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது சட்டம். எவ்வளவு முன்னுரிமை என்பது கவுன்சிலின் கொள்கை.

நெரிசலைக் கணக்கிடப் பரவலாகப் பின்பற்றும் முறை இது: தம்பதிக்கு ஒரு அறை. 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு அறை. 16 வயதுக்குள் ஒரே பாலினத்துப் பிள்ளைகள் இருவருக்கு ஒரு அறை. 10 வயதுக்குள் என்றால் பையனோ பெண்ணோ இருவருக்கு ஒரு அறை. வயது வரம்பைக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கும் கவுன்சில்கள் உண்டு.

என் மகளுக்கு 10 வயது முடிந்த அன்று எங்கள் தேவை இரண்டு படுக்கையறையிலிருந்து மூன்றாகிவிட்டது. அதாவது ஒரு அறை குறை என்பது இரண்டு அறை குறை என்றானது, அதற்கு இன்னும் உயர்ந்த பேண்ட் உண்டு. பிறந்த தேதி அவர்களிடம் இருக்கிறதே, தானாக மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். மாற்றவில்லை. எட்டு மாதம் கழித்து வேறு எதற்கோ போன் செய்தபோதுதான் தெரிந்தது. மேல் பேண்டில் எங்கள் தேதி, நான் சொன்ன நாளிலிருந்துதான் தொடங்கியது, பிறந்தநாளிலிருந்து இல்லை. குழந்தை பிறந்தாலும், வயது தாண்டினாலும், வேலை போனாலும், வீடு மாறினாலும் அன்றே தளத்தில் போய் ‘சூழ்நிலை மாற்றம்’ படிவத்தை நிரப்புங்கள். வருடம் ஒருமுறை ‘இன்னும் வீடு வேண்டுமா’ என்று கேட்டுக் கடிதம் வரும். பதில் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்.

மருத்துவக் காரணம் என்றால் தனிப் படிவம். ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவர்) கடிதம் வாங்க ஓடாதீர்கள். அதற்கு அவர்கள் கட்டணம் வாங்கலாம். எங்களிடம் 40 பவுண்டு வாங்கினார்கள், கவுன்சில் அந்தக் கடிதத்தைக் கேட்கவே இல்லை. ‘எனக்கு ஆஸ்துமா’ என்று எழுதுவதும் போதாது. இந்த வீடு அந்த நோயை எப்படி மோசமாக்குகிறது என்று எழுத வேண்டும்: படுக்கை ஓரச் சுவரில் பூஞ்சணம், ஜன்னல் திறக்காது, போன குளிர்காலத்தில் இத்தனை முறை ஆஸ்பத்திரி.

பேண்ட் தவறு என்று தோன்றினால் மறு ஆய்வு கேட்க உரிமை உண்டு. கெடு கடிதத்திலேயே இருக்கும், வழக்கமாக 21 நாள்.

6. வீட்டைக் காலி செய்யச் சொன்னால்

இதற்கு மட்டும் அவசரப்பட வேண்டும். 56 நாளுக்குள் வீடில்லாமல் போகும் நிலை வந்தால் கவுன்சில் உங்களுக்கு உதவியே ஆக வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே கவுன்சிலின் ஹோம்லெஸ்னெஸ் (வீடற்றோர்) பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள். உரிமையாளர் நல்ல மனிதர், மனம் நோக வேண்டாம் என்று தேதிக்கு முன் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறாதீர்கள். ‘வேண்டுமென்றே வீடற்றவரானார்’ என்று முடிவு செய்துவிட்டால் கவுன்சிலின் பொறுப்பு பெரிதும் சுருங்கிவிடும். வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்டர் தொண்டு அமைப்பின் இலவச உதவி எண்ணில் முதலில் கேளுங்கள்.

7. பிட் போடுவது

பேரைக் கேட்டு ஏலம் என்று நினைத்துவிட்டேன். போனில் அந்தப் பெண்ணிடம், ‘குறைந்தபட்சம் எவ்வளவு போட வேண்டும்?’ என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. இதில் காசு கிடையாது. இந்த வீடு எனக்கு வேண்டும் என்று கை தூக்குவதுதான் பிட்.

எங்கள் கவுன்சிலில் வாரம் ஒருமுறை காலி வீடுகளின் பட்டியல் வரும். ஒரு சுற்றுக்கு மூன்று பிட். முதல் ஆளாகப் போட்டாலும் கடைசி நிமிடம் போட்டாலும் ஒன்றுதான், சுற்று முடியும்போது பேண்டும் தேதியும் பார்த்து வரிசைப்படுத்துவார்கள். நள்ளிரவில் விழித்திருந்து போட்டவன் சொல்கிறேன், தூங்குங்கள்.

பிட் போட்டதும் உங்கள் தற்காலிக இடத்தைத் தளம் காட்டலாம். முதல் தடவை எனக்கு 143. பழைய சுற்றுகளில் எந்தப் பேண்ட், எந்தத் தேதிக்காரருக்கு வீடு கிடைத்தது என்றும் பல தளங்களில் போடுகிறார்கள். அதைத்தான் நான் தாமதமாகக் கண்டுபிடித்தேன். தோட்டம் வைத்த வீட்டுக்கு நூறு பேர் அடித்துக்கொள்வார்கள், லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு இருபது பேர். எது விட்டுக்கொடுக்க முடியும், எது முடியாது என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். விளம்பரத்தின் சிறிய எழுத்தையும் படியுங்கள்: வயது வரம்பு, சக்கர நாற்காலிக்கான வீடு, வேலையில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை என்றெல்லாம் இருக்கும். பொருந்தாத வீட்டுக்குப் போட்ட பிட் வீண்.

பெரிய வீடுகள் குறைவு. மூன்று படுக்கையறைக்கு லண்டனில் வருடக்கணக்கில்தான் காத்திருக்க வேண்டும்.

8. வீடு பார்க்கும் நாள்

ஒருநாள் போன் வரும், பெரும்பாலும் தெரியாத எண்ணிலிருந்து. எடுங்கள். நான் மாதக்கணக்கில் தெரியாத எண்களை எடுக்காமல் இருந்த ஆள்.

இப்போதுதான் அசோசியேஷன் மேடைக்கு வருகிறது. அவர்களும் ஒருமுறை வருமானம், ஆவணம், உங்களால் வாடகை கட்ட முடியுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். எல்லாம் கவுன்சிலில் கொடுத்தேனே என்று சொல்லிப் பயனில்லை, அதே கோப்பை மறுபடி கொடுங்கள். ஒரே வீட்டுக்கு ஐந்தாறு பேரை வரிசையாகக் கூப்பிடுவதும் உண்டு. முன்னால் இருப்பவர் வேண்டாம் என்றால்தான் உங்களுக்கு.

பார்த்த பிறகு யோசிக்க 24 மணி நேரம் கிடைத்தால் அதிகம். ஆகவே அங்கேயே பாருங்கள்: எல்லா ஜன்னலையும் திறந்து மூடுங்கள், குழாயைத் திறந்து அழுத்தம் பாருங்கள், அலமாரிக்குப் பின்னால் மோந்து பாருங்கள், சூடேற்றி எப்படி இயங்குகிறது என்று கேளுங்கள். படம் எடுங்கள். சரிசெய்து தருகிறோம் என்று வாயால் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். காரணமில்லாமல் மறுத்தால் பல கவுன்சில்கள் தண்டிக்கும், சில இடங்களில் இரண்டு மறுப்புக்கு மேல் ஒரு வருடம் பிட் போட முடியாது.

9. கையெழுத்தும் முதல் மாதமும்

வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள். நாலால் பெருக்காதீர்கள். எங்களுக்கு வாரம் 158 பவுண்டு, சர்வீஸ் சார்ஜ் 19, மொத்தம் 177. நாலால் பெருக்கினால் 708. உண்மையில் 52 ஆல் பெருக்கி 12 ஆல் வகுக்க வேண்டும்: மாதம் 767. அந்த 59 பவுண்டு முதல் மாதமே இடிக்கும். வாடகை பெரும்பாலும் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏறும்.

கையெழுத்துப் போடும்போதே ஒரு வார அல்லது ஒரு மாத வாடகை முன்பணமாகக் கேட்பார்கள். யூனிவர்சல் கிரெடிட்டுக்கு (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு உதவித்தொகை) புதிதாக விண்ணப்பித்தால் முதல் பணம் வர 5 வாரம் ஆகும். பழைய வீட்டு நோட்டீஸ் காலமும் சேர்ந்து ஓடும், அதனால் சில வாரங்களுக்கு இரண்டு வாடகை. புது ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் பழைய வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்காதீர்கள். கடைசி நாளில் கைநழுவிய வீடுகள் உண்டு.

வீடு வெறும் வீடாகத்தான் வரும். அடுப்பு இல்லை, பிரிட்ஜ் இல்லை, திரை இல்லை. எங்கள் வீட்டில் தரைவிரிப்பைக்கூட உரித்து எடுத்துவிட்டுச் சிமென்ட் தரையைக் கொடுத்தார்கள். முதல் வாரம் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து அதன் மேல் பாய் போட்டுப் படுத்தோம். கவுன்சிலில் உள்ளூர் நலநிதி இருக்கிறதா, அசோசியேஷனிடம் உதவித்தொகை இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் மேசையிலேயே கேளுங்கள். எங்களுக்கு அடுப்பு அப்படித்தான் வந்தது. யாரும் தானாகச் சொல்லவில்லை.

10. சாவி வாங்கிய பிறகு

முதல் 12 மாதம் பொதுவாக ஸ்டார்டர் டெனன்சி, அதாவது சோதனைக் காலம். வாடகை தவறாமல் கட்டி, அக்கம்பக்கத்தில் புகாரில்லாமல் இருந்தால் அப்புறம் நிலையான ஒப்பந்தமாகும். ஒரு மாதம் பணம் முடியவில்லையென்றால் ஒளியாதீர்கள், அன்றே சொல்லித் தவணை கேளுங்கள். வீட்டை அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டுவிட்டு நீங்கள் வேறிடத்தில் வசிப்பது 2013 சட்டப்படி குற்றம், வீடும் போகும்.

பழுதுகளைப் போனில் மட்டும் சொல்லாமல் தளத்திலோ மின்னஞ்சலிலோ பதிந்து எண் வாங்குங்கள். ஈரம், பூஞ்சணம் என்றால் 2025 அக்டோபர் 27 முதல் அவாப் சட்டம் இருக்கிறது: உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை, கடுமையான ஈரம், பூஞ்சணம் என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும். அதை மின்னஞ்சலில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், பதில் வேகமாக வரும்.

அப்படியும் வரவில்லையா, ‘இது முறைப்படியான புகார்’ என்ற சொற்களோடு எழுதுங்கள். வெறும் குறையாக எழுதினால் பழுதுப் பிரிவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். புகாரைப் பதிவு செய்ய 5 வேலை நாள், அதன்பின் முதல் கட்டப் பதிலுக்கு 10 வேலை நாள். திருப்தியில்லை என்றால் இரண்டாம் கட்டம் கேட்கலாம், அதற்கு 20 வேலை நாள். அதற்கும் பிறகு ஹவுசிங் ஆம்புட்ஸ்மேன் (வீட்டுப் புகார்களை விசாரிக்கும் சுயாதீன அமைப்பு), கட்டணம் இல்லை. எங்கள் கொதிகலனுக்கு இரண்டாம் கட்டம் வரை போக வேண்டியிருந்தது. கடைசியில் ஆள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. நீங்களும் அந்த நேரத்தில் வீட்டில் இருங்கள், கதவு திறக்காவிட்டால் ‘ஆள் இல்லை’ என்று சீட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து.